கல்லூரிக்குள் வரட்டும் ‘அ’ பதிவேடு

நாட்றம்பள்ளியில் பஸ் ஏறி வாணியம்பாடிக்கோ திருப்பத்தூருக்கோ கல்லூரிக்குப் போகும் முதலாண்டு மாணவரிடம் மினமாட்டா எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஜப்பானில் என்பார். போபாலில் கசிந்த வாயுவின் பெயரைச் சொல்வார். ஓசோன் படலத்தின் கதையும் தெரியும். ‘சுற்றுச்சூழல் கல்வி’ என்ற கட்டாயத் தாளுக்காக இதையெல்லாம் படித்துத்தான் ஆக வேண்டும். சரி, உங்கள் வீட்டு நிலம் நஞ்சையா புஞ்சையா, ஊர் ஏரிக்கு எந்த ஓடை வழியாகத் தண்ணீர் வருகிறது, அந்த ஓடைக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் என்ன சர்வே எண் என்று கேட்டுப் பாருங்கள். “அப்பாவைக் கேட்கணும் சார்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்பாவுக்கும் முதல் இரண்டு கேள்விகளோடு சரி.

மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் படிக்கும் பாடத்தில் அவர் ஊர் இல்லை. வேறொரு வட்டாரமாக இருந்தால் இதைப் பாடத்திட்டத்தின் சின்னக் குறை என்று விட்டுவிடலாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் அப்படி விட முடியாது. சுற்றுச்சூழல் கல்வி கல்லூரிக்குள் நுழைய வழி பிறந்ததும், பாலாற்றங்கரை மண்ணின் கதை உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரே ஆண்டில், 1991இல். இரண்டிலும் வாதாடிய வழக்கறிஞரும் ஒருவரே: எம்.சி.மேத்தா.

மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று, சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றது. பல ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்தது. 2003இல் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்புக் காட்டிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுப் பாடத்திட்டம் கல்லூரிகளில் நடைமுறைக்கு வந்தது. எரக் பரூச்சா எழுதிய பாடநூலும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவு பற்றித் தொடுத்த வழக்கோ 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் தீர்ப்பாக முடிந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதும், சேதம் வருமுன் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். வாணியம்பாடியில் பி.காம். படிக்கிறவர் கண்ணில் அது படுவது அபூர்வம்.

அந்தத் தீர்ப்பில் இருக்கும் எண்களில் ஒன்றைச் சொன்னால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கின்படி, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. ஏக்கரில் சொன்னால் சுமார் 86,000. இழப்பீட்டைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில், வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 547 தொழிற்சாலைகள் ரூ.26.82 கோடி கொடுக்க வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான ஏழரை ஆண்டு நஷ்டத்துக்கு இந்தத் தொகை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் கணக்கைக் கேட்டு வழக்கு ஓடிக்கொண்டே இருந்து, 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மறுபடியும் இழப்பீடு வழங்கச் சொல்லி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. வழக்குப் போட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இப்போது கல்லூரியில் ஆசிரியராக இருக்கும் வயது.

இத்தனையும் ரசாயனத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதில் பாதி நிலத்தின் கதை. எதை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்று யாரோ எங்கோ எடுத்த முடிவுகளின் கதை. 1970களுக்கு முன்பு இங்கே ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டார்கள். பாதி பதனிட்ட தோலாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சீதாராமய்யா குழு 1972இல் பரிந்துரைத்ததை ஏற்று அந்த ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் விற்றால் அன்னியச் செலாவணி கூடும், வேலை பெருகும் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவும் செய்தது. ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளில் இன்று வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களே சாட்சி. கூடவே குரோம் முறை பரவியது. அதன் கழிவு எந்த மண்ணில் இறங்கும் என்ற கேள்வியை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. குரோமியம்கூட இருக்கட்டும். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்பு, ஊறவைத்துக் கழுவும்போது தண்ணீரோடு வெளியேறிக் கிணறுகளில் சேர்ந்ததுதான் விவசாயியைப் பெரிதும் வீழ்த்தியது. டெல்லியில் போட்ட ஒரு வணிகக் கொள்கை வாணியம்பாடிக் கிணற்றின் சுவையை மாற்றியது எப்படி என்று ஒரு மணி நேரம் விளக்கினால், பொருளாதார மாணவருக்கும் வேதியியல் மாணவருக்கும் ஒரே வகுப்பில் வேலை இருக்கிறது.

அடுத்து ஓர் அரசாணை. 1989 மார்ச் 30 தேதியிட்ட, சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் 213ஆம் எண் ஆணை. ஆறு, ஓடை, அணை போன்ற நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலை எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது என்கிறது. பார்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு விதி. உள்ளே இருப்பது முழுக்க முழுக்க நிலப் பயன்பாட்டு விதி. ரசாயனத்தைப் பற்றி அது பேசவில்லை, தூரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு வரைபடமும் அடிக்கோலும் இருந்தால் எந்த மாணவரும் பாலாற்றின் இரு கரையிலும் அந்தக் கோட்டை வரைந்துவிடலாம். வரைந்ததும் கேள்விகள் தாமாக வரும். 1989க்கு முன்பே கோட்டுக்குள் இருந்த தொழிற்சாலைகளை என்ன செய்வது? ஊரே கோட்டுக்குள் இருக்கிறதே? மழைக்கு மட்டும் ஓடும் ஓடைக்கும் இதே ஒரு கிலோமீட்டரா? நகரமைப்புத் துறையில் சம்பளம் வாங்குகிறவர்கள் திணறும் கேள்விகள் இவை. பத்தொன்பது வயதில் இவற்றோடு மல்லுக்கட்டுவதில் தவறொன்றும் இல்லை.

தொழிற்பேட்டை என்று தனியாக ஒதுக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு ராணிப்பேட்டையில் பதில் இருக்கிறது. அங்கே சிப்காட் வளாகத்தில் இயங்கி 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. வரைபடத்தில் அது தொழிலுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். மழைநீர் வரைபடத்தைப் பார்த்து ஓடுவதில்லை. அதே ஊர் சிட்கோ வளாகத்தில் 2015 ஜனவரி 31 அதிகாலை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். கசடு எங்கே, ஆள் படுக்கும் இடம் எங்கே, நடுவில் எத்தனை அடி? திட்டமிடல் என்ற பெரிய சொல் கடைசியில் இந்த அடிக்கணக்கில்தான் வந்து நிற்கிறது.

நாட்றம்பள்ளிக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூரின் கதை பெரும்பாலும் நடந்து முடிந்தது. நாட்றம்பள்ளியின் கதை இனிமேல்தான். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. பக்கத்தில் ஜோலார்பேட்டை ரயில் சந்திப்பு, மேற்கே கிருஷ்ணகிரியின் தொழில் வளர்ச்சி, மறுபக்கம் ஏலகிரியின் சுற்றுலா. 2019 நவம்பரில் வேலூரைப் பிரித்துத் திருப்பத்தூர் மாவட்டம் உருவானதும் புதிய அலுவலகங்கள், புதிய சாலைகள். நிலக்கடலையும் மாமரமும் இருந்த புஞ்சையில் மனைக் கல் நடுவதும், கலர் கொடி கட்டுவதும், ‘டிடிசிபி அப்ரூவ்டு’ பலகை வைப்பதும் நெடுஞ்சாலையோரத்தில் எவருக்கும் பழகிப்போன காட்சி.

இந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கிறது. முழுமைத் திட்டம் இல்லாத ஊர்களில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். முழுமைத் திட்டம் போடும் ஊர்களில், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும். மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில் என்று நிறம் பூசிய வரைபடம் அலுவலகச் சுவரில் தொங்கும். தன் சர்வே எண் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தக் காலக்கெடுவுக்குள் மனு எழுதுவார்கள். தரகர்களுக்குத் தெரியும். விவசாயிக்குத் தெரிவது கல் நட்ட பிறகு. திட்டமிடுகிறவர்களும் போதுமான அளவில் இல்லை: நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே கிடையாது, மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட திட்ட வல்லுநர் பணியிடங்களில் 42 சதவீதம் காலி.

கல்லூரி மாணவர்களை ஊர் நிலத்தைப் படிக்க அனுப்புவது புரட்சிகரமான யோசனை ஒன்றுமில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னைப் பல்கலைக்கழகம் இதைச் செய்திருக்கிறது. இந்தியப் பொருளாதாரத்துக்கு அதன் முதல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இங்கிலாந்துப் பாடநூலை மட்டும் வைத்து வகுப்பு நடத்த விரும்பவில்லை. கேள்விப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், பாசனம் எப்படி, என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று மாணவர்கள் எழுதி வந்தவை 1918இல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான், ராமநாதபுரம் வடமலைபுரம் ஆகியவற்றோடு வடார்க்காட்டுத் தூசியும் அதில் உண்டு. பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய் ஒன்றுக்கே பெயர் கொடுத்த ஊர் அது. தோல் வட்டாரத்துக்குக் கீழே, அதே ஆற்றை நம்பி இருக்கும் ஊர்.

அந்த மாணவர்களின் வேலை அலமாரியில் தூங்கவில்லை. 1930களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். 1980களில் எஸ்.குகன் போன்றவர்கள் தூசிக்கும் இருவேல்பட்டுக்கும் போனார்கள். 2008இல் இருவேல்பட்டில் மீண்டும் ஆய்வு நடந்தது. ஒரு கிராமத்தின் நிலம் ஏறத்தாழ நூறாண்டில் எப்படிக் கை மாறியது, பயிர் எப்படி மாறியது என்று சொல்லும் இப்படிப்பட்ட தொடர் பதிவு உலகத்திலேயே அரிது. அதன் அடிக்கல் கல்லூரி மாணவர்களின் விடுமுறைக் குறிப்பு என்பதை நம் கல்லூரிகள் மறந்தேவிட்டன. பிரிட்டனில் 1930இல் டட்லி ஸ்டாம்ப் தொடங்கிய நிலப் பயன்பாட்டு அளவீட்டிலும் வயல் வயலாக நடந்து வரைபடத்தில் குறித்தவர்களில் பள்ளி மாணவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போரின்போது எந்த மேய்ச்சல் நிலத்தை உழலாம் என்று முடிவெடுக்க அந்த வரைபடங்கள் கைகொடுத்தன. ஸ்லேட்டர் அதற்கும் முன்னோடி என்பதைக் கொஞ்சம் பெருமையோடே சொல்லிக்கொள்ளலாம்.

இன்று அதைச் செய்வது ஸ்லேட்டர் காலத்தைவிட எளிது. முதல் பாடநூல், ஊரின் ‘அ’ பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி: பழைய எண், உட்பிரிவு, அரசு நிலமா ரயத்துவாரியா, நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர். ஏரி, ஓடை, களம், மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு, நத்தம், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு எல்லாம் அதில் இருக்கின்றன. ஓர் ஊரின் மொத்த நிலத்தையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் ஏடு இல்லை. பதிவேட்டின் விவரத்தையும் புல வரைபடத்தையும் இப்போது அரசு இணையதளத்தில், கையிலிருக்கும் போனிலேயே பார்க்கலாம். பெயர்களை மறைத்துவிட்டு வகைப்பாட்டையும் பரப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டால் யாருடைய சொத்துத் தகராறிலும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

பிறகு நடக்க வேண்டும். ஏரிக் கலங்கலில் ஆரம்பித்து, பதிவேட்டில் ஓடை என்று எழுதியிருக்கும் எண்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு மேல்நோக்கி நடப்பது. சில எண்களில் தண்ணீர் இருக்கும், சிலவற்றில் சீமைக்கருவேலம், சிலவற்றில் கான்கிரீட் சாலை. பதிவேட்டுக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிப்பதே பயிற்சி. சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவில் டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. வழியில் உள்ள கிணறுகளிலும் போர்களிலும் அதை முக்கி எடுத்தால் கரைந்த உப்பின் அளவு தெரிந்துவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. வாணியம்பாடியை நெருங்க நெருங்க எண் எப்படி நகர்கிறது என்று மாணவரே வரைபடத்தில் புள்ளி வைக்கட்டும். புத்தகத்தில் வரும் ‘நில மாசு’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்வி அப்போது அவர் சித்தப்பாவின் கிணறாக மாறும்.

மூன்றாவதாக, கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தோல் பதனிடும் தொழிலையும் பட்டியலில் வைத்திருக்கிறது. அறிவிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் என்றால் ஒரு பிரிவு, வெளியே என்றால் இன்னும் கடுமையான பிரிவு. அங்கேயும் இடம்தான் அளவுகோல். பொதுமக்கள் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் அறிக்கைச் சுருக்கம், ஆட்சியர் அல்லது அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர் தலைமை என்று விதிகள் இருக்கின்றன. இதை வகுப்பில் நடித்துப் பார்ப்பதற்கு இந்த வட்டாரக் கல்லூரிகளைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தோல் கம்பெனி நடத்துகிறவர் மகனும், ஷூ கம்பெனியில் தையல் போடுகிற அம்மாவின் மகளும், கிணறு கெட்டதால் பெங்களூருக்கு வேலைக்குப் போன விவசாயியின் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் வகுப்பு இது. விவசாயி மகன் தொழிலதிபராகவும், தொழிலதிபர் மகன் விவசாயியாகவும் ஒரு மணி நேரம் பேசட்டும். வெறும் எதிர்ப்போ வெறும் ஆதரவோ அந்த அறையில் நீண்ட நேரம் நிற்காது.

ஆட்சேபணைகள் உண்டு. ‘தொழிலுக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டுவதா?’ என்று ஒரு தரப்பு கேட்கும். சுத்திகரிப்பு நிலையங்களுக்கும், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கும் தொழில் துறை பெரும்பணம் போட்டிருக்கிறது என்பது உண்மைதான். அதன் பலன் கிணற்றில் தெரிகிறதா என்று அளந்து சொல்ல ஆள் இருந்தால், ஒழுங்காக நடத்துகிறவருக்கு அது லாபமே. ‘ஆக்கிரமிப்பை நோண்டினால் ஊர்ச் சண்டை வரும்’ என்பது இன்னொரு பயம். இது பொய்ப் பயம் இல்லை. அதனால்தான் பெயர் வேண்டாம், எண் போதும். மாணவர் வேலை பதிவது. அப்புறப்படுத்துவது 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதிகாரிகளின் வேலை.

ஆசிரியர்களின் சங்கடம் இன்னும் நியாயமானது. தமிழோ கணிதமோ முடித்தவரிடம், வாரம் இரண்டு மணி நேரம் காலியாக இருக்கிறது என்பதற்காகச் சுற்றுச்சூழல் தாளைத் தள்ளிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவர் ‘அ’ பதிவேட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அதற்கும் ஆள் இங்கேயே இருக்கிறது: ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், தலையாரி, ஒருகாலத்தில் மதகு திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட பெரியவர். நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டக் காலத்தில் சர்வே எண்கள் எப்படி மாறின என்று வாய்மொழியாகச் சொல்லக்கூடிய தலைமுறை அது. கௌரவ விரிவுரையாளருக்குக் கொடுக்கும் மணிக்கணக்குத் தொகையில் இவர்களில் ஒருவரை அழைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ‘டாக்டர் பட்டம் இல்லையே’ என்ற கூச்சம் தவிர.

பாடத்திட்டம் மாறப் பல்கலைக்கழகக் குழு கூட வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும் என்பார்கள். காத்திருக்கத் தேவையில்லை. மானியக் குழுவின் முதல் மாதிரிப் பாடத்திட்டத்திலேயே 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது; உள்ளூர் ஆறு, மலை, மாசடைந்த இடம் ஆகியவற்றைப் போய்ப் பார்த்துப் பதிவு செய்வதே அந்தக் களப்பணி. நடைமுறையில் அது ஏலகிரிக்கு ஒருநாள் பயணமாகவோ, இணையத்தில் எடுத்த படங்களை ஒட்டிய ரெக்கார்டு நோட்டாகவோ சுருங்கிப்போனது. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களுக்கு இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். நாட்றம்பள்ளி வட்டத்தில் நான்கைந்து ஊர்களை முதலாண்டில் எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே ஊர்களுக்குப் போய் முந்தைய பதிவோடு ஒப்பிட்டால், ஐந்தாண்டில் அரசிடமே இல்லாத ஓர் ஆவணம் சேர்ந்துவிடும்.

அந்த ஆவணத்தைக் கொண்டுபோய் வைக்க இடமும் நாளும் ஏற்கெனவே குறித்தாயிற்று. தமிழகக் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டிய நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒன்று. கல்லூரியில் இரண்டாம் பருவம் முடியும் தறுவாய் அது. ஓடைகளின் பட்டியலையும் கிணற்று அளவுகளையும் அங்கே வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி மாணவர்களே கேட்கலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம்: 18 வயது நிரம்பி ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், அவர்களும் கிராம சபை உறுப்பினர்களே.